கயிற்றில் தொங்கிய அடினியம்

"நீங்க தந்த செடி செத்துப்போச்சு, சிஸ்டர்."

வந்ததும் வராததுமாக எப்சிபா இதைச் சொன்னாள். ஸ்தோத்திரம்கூடச் சொல்லவில்லை. கையிலிருந்த பிளாஸ்டிக் பையை ஜெபக்குடிலின் சிமெண்டுத் தரையில் தொப்பென்று வைத்தாள்.

பைக்குள்ளிருந்து அழுகல் வாடை வந்தது.

திர்சா சகோதரி மணல் சலித்துக்கொண்டிருந்தார். சல்லடை நிற்கவில்லை.

"உக்காருங்க அக்கா."

"உக்கார வரல. நியாயம் கேக்க வந்தேன்."

"சரி, நின்னுக்கிட்டே கேளுங்க."

தேரிக்காட்டின் ஓரத்தில் இருந்தது அந்தக் குடில். மேலே ஓலை, கீழே சிமெண்டு, சுற்றிலும் சிவப்பு மணல். அந்த மணலில் முருங்கைகூட யோசித்துத்தான் முளைக்கும். ஆனால் சகோதரியின் தொட்டிகளில் அடினியம் கொத்துக்கொத்தாகப் பூத்திருந்தது. ஆப்பிரிக்காவில் பாறைக்கும் வெயிலுக்கும் நடுவே வளர்கிற செடி. அதன் அடித்தண்டு கிழங்கைப் போலப் பருத்திருக்கும். மழை இல்லாத நாளுக்கு வேண்டிய தண்ணீரை அதற்குள்ளேதான் வைத்துக்கொள்ளும்.

ஜெபத்துக்கு வருகிறவர்களில் சிலருக்குச் சகோதரி ஒரு தொட்டி கொடுத்து அனுப்புவார். ஏன் இவருக்கு, ஏன் அவருக்கு இல்லை என்று யாருக்கும் தெரியாது. கேட்டாலும் சொல்ல மாட்டார்.

எப்சிபாவுக்கு ஒன்று கிடைத்திருந்தது.

அவள் வெள்ளிக்கிழமைதோறும் வருகிறவள். ஜெபிக்கக் கற்றுத்தாருங்கள் என்று கேட்டு வந்தவள். சகோதரி அவளைவிட வயதில் மிகவும் இளையவர். எப்சிபாவின் மகள் கெத்சிக்கு அக்கா என்று சொல்லலாம், அவ்வளவுதான். மற்ற நாட்களில் எப்சிபாவுக்கு அது நினைவுக்கே வராது. இன்றைக்கு வந்தது.

"என்ன செஞ்சிய?" என்று கேட்டார் சகோதரி.

"என்ன செய்யல, அதைக் கேளுங்க. நீங்க தந்த சட்டியில கீறல் விட்டுப்போச்சு. கடைக்குப் போயி பீங்கான் தொட்டி வாங்கிட்டு வந்தேன். வாயைச் சுத்தித் தங்கக் கோடு போட்டது. எங்க வீட்டுல சாப்பிடுத தட்டுகூட அப்படிக் கிடையாது."

"ம்."

"வேர் அதுக்குள்ள அடங்கல. அரிவாள்மணையில வச்சு வெட்டுனேன். அடியில கிழங்குலயும் கொஞ்சம் வெட்டுப்பட்டுது. அதுக்காவ விட்டுட்டேனா? வெட்டுன கையோட நட்டேன். ஒரு வாய் காப்பி குடிக்க உக்காரல. மண்ணில்லாம ஒரு நிமிஷம் அதைக் கிடக்க விடல."

"ம்."

"குடம் நிறையத் தண்ணி ஊத்துனேன். உரம் போட்டேன். தலையில கை வச்சு ஜெபமும் பண்ணேன். பிள்ளைக்குப் பண்ணுத மாதிரி."

"ம்."

"என்ன சிஸ்டர், ம் ம்னு. ஆப்பிரிக்காவுல ஒரு சொட்டுத் தண்ணி தராதவன்கிட்ட அது பூத்துக் குலுங்குமாம். என் வீட்டுல வயிறு நிறையக் குடுத்தா அழுகிச் சாகுமாம். இது என்ன நியாயம்?"

சகோதரி பையைத் திறந்தார். செடியை எடுத்து மடியில் வைத்தார். பருத்த அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஒரு பக்கம் விரல் உள்ளே போயிற்று. மறுபக்கம் போகவில்லை.

கத்தியை எடுத்தார்.

சுரைக்காய் அரிகிற மாதிரி ஒரு வில்லை அரிந்தார். பழுப்பு. இன்னொரு வில்லை. அதுவும் பழுப்பு. மூன்றாவதில் ஓரம் மட்டும் வெள்ளை. அரிந்துகொண்டே போனார். கடைசியில் கத்தி பட்ட இடம் முழுக்க வெள்ளையாக வந்தது. பால் துளிர்த்தது.

"கையில படாமப் பாத்துக்கிடுங்க. விஷப்பால்."

எப்சிபா புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள்.

"பாதி இருக்கு அக்கா. சாகல."

எப்சிபாவின் முகம் மாறிவிட்டது. நியாயம் கேட்க வந்ததை மறந்துவிட்டாள். பக்கத்தில் கிடந்த காலிச் சட்டியை இழுத்தாள். சலித்து வைத்திருந்த மணலை இரண்டு கையாலும் அள்ளினாள்.

"குடுங்க சிஸ்டர், நட்டுருவோம். தண்ணி எங்க இருக்கு?"

சகோதரி எழுந்தார். ஒரு துண்டுக் கயிற்றை எடுத்துச் செடியின் கழுத்தில் கட்டினார். கயிற்றின் மறுநுனியைக் கூரையின் குறுக்குக் கம்பில் முடிந்தார்.

செடி காற்றில் தொங்கியது. மண்ணில்லை, சட்டியில்லை. வெட்டுப்பட்ட இடம் எல்லாரும் பார்க்கும்படி அடியில் வெள்ளையாக இருந்தது.

"என்ன செய்யுதிய?"

"தொங்க விடுதேன்."

"அது எனக்கும் தெரியுது. எதுக்கு?"

"வெட்டுன இடம் காயணும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அதை அதுகிட்டதான் கேக்கணும்."

எப்சிபா கையிலிருந்த மணலைக் கீழே போட்டாள்.

"குத்துயிரும் குலையுயிருமா வந்த ஒண்ணைத் தூக்குல போடுதிய. இதுக்கு நான் வீட்டுலயே வச்சிருந்திருப்பேன்."

சகோதரி மறுபடியும் சலிக்க உட்கார்ந்தார்.

*

ஜெபம் முடிந்து மற்றவர்கள் எழுந்து போனார்கள். எப்சிபா போகவில்லை.

"இன்னொரு காரியமும் இருக்கு, சிஸ்டர்."

"சொல்லுங்க."

"கெத்சி."

சகோதரி சல்லடையை ஆட்டிக்கொண்டே தலையசைத்தார். கெத்சி புருஷன் வீட்டை விட்டு வந்துவிட்டாள் என்பது ஊருக்கே தெரியும். கோர்ட்டில் விவாகரத்தும் ஆகிவிட்டது.

"வீட்டுக்கு வந்தவ மாடி ரூமுக்குப் போனா. போனவதான். சாப்பிட இறங்குதா, ஏறுதா. சர்ச்சுக்கு வரதில்ல. வாயத் திறந்து ஒரு வார்த்தை கிடையாது. நான் பெத்தவளா, லாட்ஜ் நடத்துதவளான்னு எனக்கே தெரியல."

"அங்க என்ன நடந்துச்சாம்?"

"அதை நான் கேக்கவே இல்ல சிஸ்டர்."

எப்சிபா இதைப் பெருமையாகத்தான் சொன்னாள்.

"எந்த அம்மா அப்படி இருப்பா, சொல்லுங்க. விடியக்காலை ரயில்ல வந்து இறங்குனா. வாசப்படியிலேயே ஆரம்பிச்சா, அம்மா அவரு என்னைய அப்படின்னு. நான் அவ வாயைப் பொத்திட்டேன். வேண்டாம் மகளே, சொல்லாத, அப்பாவுக்கு நெஞ்சு தாங்காது, போனது போட்டும், மறந்துருன்னு சொன்னேன். அன்னைக்கே மாடி ரூமுக்குப் பெயிண்டு அடிக்க ஆள் வரச்சொன்னேன். புது மெத்தை, புதுப் போர்வை. பழசு ஒண்ணும் அவ கண்ணுல படக் கூடாதுன்னு கொண்டுவந்த பெட்டியைக்கூடப் பரண்ல தூக்கிப் போட்டேன்."

"வக்கீல்கிட்ட என்ன சொன்னாளாம்?"

"அதெல்லாம் என் தம்பி பாத்துக்கிட்டான். எனக்கு எதுக்கு அது?"

சகோதரி இன்னொரு பிடி மணலைச் சல்லடையில் போட்டார்.

"இப்ப நாகர்கோவில்ல இருந்து ஒரு இடம் வந்திருக்கு. வாத்தியார். பெண்சாதி தவறிட்டா, பிள்ளை கிடையாது. குடிக்க மாட்டாரு, தங்கமான மனுஷன்னு சொல்லுதாவ. ரெண்டு வாரம் கழிச்சுச் சனிக்கிழமை பாக்க வராவ. நான் கால் கடுக்க முழங்கால்ல நின்னு கேட்டதுக்குக் கர்த்தர் தந்த பதில் சிஸ்டர் இது."

"கெத்சி என்ன சொல்லுதா?"

"என்ன சொல்லுவா? ஒண்ணும் சொல்லல. வேண்டாம்னு சொல்லலன்னா சரின்னுதானே?"

"ஒண்ணுமே சொல்லலையா?"

"ஒண்ணு சொன்னா. சொன்னதைக் கேளுங்க. பட்டுச்சேலைக்கு ரவிக்கை தைக்கக் குடுக்கப் போறேன், அளவு தா டின்னு கேட்டேன். முழுக்கை வச்சுத் தைக்கச் சொல்லுங்கன்னு சொல்லுதா. இந்தப் புழுக்கத்துல முழுக்கை. வந்த நாளா அதைத்தான் போட்டுக்கிட்டுத் திரியுதா. முப்பத்திநாலு வயசுப் பிள்ளை, கிழவி மாதிரி. பாக்க வரவிய என்ன நினைப்பாவ?"

சல்லடை நின்றது.

"என்ன சிஸ்டர்?"

"ஒண்ணுமில்ல."

சல்லடை மறுபடியும் ஆடியது. முன்னைவிட மெதுவாக.

"நீங்க ஒரு எட்டு வீட்டுக்கு வரணும். உங்க மேல அவளுக்கு மரியாதை உண்டு. அம்மா சொல்லுததைக் கேளுட்டின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

சகோதரி அண்ணாந்து பார்த்தார். கயிற்றில் செடி மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

"பாப்போம் அக்கா."

*

அடுத்த வெள்ளிக்கிழமை மழை பெய்தது. ஐப்பசி மழை. தேரி மணல் ரத்தச் சிவப்பாக நனைந்து கிடந்தது.

எப்சிபா குடையை மடக்கினாள். முதலில் அவள் பார்த்தது கூரையைத்தான்.

செடி மொட்டையாகிவிட்டது. ஓர் இலை இல்லை. தண்டு வதங்கிப்போன கத்தரிக்காய் மாதிரி சுருங்கியிருந்தது.

"பாத்தியளா," என்றாள். "பாத்தியளா சிஸ்டர். இதுக்குப் பேர் காப்பாத்துததா?"

"உயிர் இருக்கு."

"எனக்குத் தெரியல."

"உங்களுக்குத் தெரியணும்னு அது இருக்கல அக்கா."

எப்சிபா பெஞ்சியில் உட்கார்ந்தாள். குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். குடையிலிருந்து தண்ணீர் ஒழுகி அவள் காலைச் சுற்றித் தேங்கியது.

"சிஸ்டர், நான் அஞ்சாங்கிளாஸ்தான் படிச்சேன். அதுக்காவ மடச்சி இல்ல."

"நான் சொல்லலையே."

"வாரம் முச்சூடும் யோசிச்சேன். எனக்கு விளங்கிட்டு. இந்தச் செடியைத் தொங்க விட்டுருக்கது செடிக்காவ இல்ல. எனக்காவ. இதைப் பாத்ததும் எனக்கு என் மகள் ஞாபகம் வரணும். பொறு எப்சிபா, அவசரப்படாத எப்சிபான்னு நானே எனக்குச் சொல்லிக்கிடணும். அதானே?"

சகோதரி அவள் காலடியில் தேங்கிய தண்ணீரைத் துணியால் துடைத்தார்.

"சண்டே ஸ்கூல் பிள்ளையளுக்குச் சொல்லுத கதை. அதை எனக்குச் சொல்லுதிய."

"நான் ஒண்ணும் சொல்லலையே அக்கா."

"அதான் கோவம் கோவமா வருது. ஒண்ணும் சொல்லாமயே சொல்லுதிய."

சகோதரி சிரித்துவிட்டார். எப்சிபா சிரிக்கவில்லை.

"நான் சொல்லுதேன், கேளுங்க. செடிக்கு வயசு ஏறாது. இந்த வருஷம் பூக்கலன்னா அடுத்த வருஷம் பூக்கும். சர்ச்சு வாசல்ல நின்னுக்கிட்டு, உன் மகள் எப்ப ஊருக்குப் போறான்னு செடியோட அம்மாகிட்ட ஒருத்தியும் கேக்க மாட்டா. செடியோட அப்பாவுக்கு நெஞ்சைக் கீறி ஆப்பரேசன் பண்ணல. நான் போயிட்டா, அவரும் போயிட்டா, அந்த மாடி ரூமுல அவ தனியா என்ன செய்வா? யாரு வந்து கதவைத் தட்டுவா? சொல்லுங்க. பொறுக்கணுமாம்ல, பொறுக்கணும். உங்களுக்கென்ன, பிள்ளையா குட்டியா."

கடைசி வார்த்தை வந்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.



"நீங்க சொல்லுதது சரி," என்றார் சகோதரி.

எப்சிபா நிமிர்ந்து பார்த்தாள். இப்படி ஒரு பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை.

"எது சரி?"

"எல்லாம். உங்க மகள் செடி இல்ல."

"இல்லதானே?"

"இல்ல."

"அப்ப வந்து ஒரு வார்த்தை சொல்லுதியளா?"

"நான் வரல."

"ஏன்?"

சகோதரி எழுந்து பெஞ்சியின் மேல் ஏறினார். கூரைக் கம்பிலிருந்து முடிச்சை அவிழ்த்தார். மொட்டைச் செடியைக் கயிற்றோடு எப்சிபாவின் கையில் கொடுத்தார்.

"இதைக் கொண்டுபோங்க. நீங்களே நடுங்க."

"எப்ப?"

"காலையில எந்திரிச்சதும் வெட்டுன இடத்தைத் தொட்டுப் பாருங்க. மேல காஞ்ச மாதிரிதான் தெரியும். நம்பாதிய. நடுவுல விரல வச்சு அழுத்துங்க. பிசுபிசுன்னு ஒட்டுனா இன்னும் ஆகல."

"ஒட்டலன்னா?"

"நட்டுருங்க."

"அவ்வளவுதானா?"

"தொட்டதும் கையைக் கழுவிருங்க. கண்ணுல படக் கூடாது."

"ஜெபம் ஏதும் பண்ணணுமா?"

"முதல்ல தொட்டுப் பாருங்க. ஜெபத்தை அப்புறம் பண்ணிக்கிடலாம்."

எப்சிபா குடையை விரித்தாள்.

"ஜெபத்தை அப்புறம் பண்ணிக்கிடலாம்னு சொல்லுத ஜெபக்குடிலு இந்தத் தமிழ்நாட்டுல இது ஒண்ணுதான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள்.

*

அடுக்களை ஜன்னல் கம்பியில் செடி தொங்கியது.

"என்ன எப்சி, கருவாடு காயுது?" என்று கேட்டார் அவள் புருஷன் சாமிதாஸ்.

"பேசாம காப்பியக் குடிங்க."

மறுநாள் காலையில் அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால் செடியின் அடியில் விரலை வைத்தாள். மேலே காய்ந்திருந்தது. அழுத்தினாள். பிசுபிசுவென்று ஒட்டியது.

"சீ," என்று கையைக் கழுவினாள்.

அதற்கடுத்த நாளும் ஒட்டியது.

மழைக்காலம். ஈரக் காற்று. ஒரு நாள் வெட்டின இடத்தின் ஓரத்தில் பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. எப்சிபா போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தாள். செடியைக் கம்பியிலிருந்து இறக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கத்தி நுனியால் அந்தப் புள்ளியை மட்டும் சுரண்டி எடுத்தாள். மஞ்சள் தூளை எடுத்து அந்த இடத்தில் வைத்து அப்பினாள்.

"வலிக்கா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டபிறகு, யாரும் பார்த்துவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தாள்.

யாரும் இல்லை.

வீட்டில் சனிக்கிழமைக்கான வேலையும் நடந்துகொண்டிருந்தது. அச்சுமுறுக்குக்கு மாவு இடித்து வந்தாயிற்று. முன் அறை நாற்காலிகளுக்கு உறை மாற்றியாயிற்று. தையற்காரியிடமிருந்து ரவிக்கை வந்துவிட்டது. எப்சிபா முழுக்கை சொல்லவில்லை. பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா என்று குட்டைக் கையே வைக்கச் சொல்லியிருந்தாள்.

மாடிக்குக் கொண்டுபோய்க் கட்டில்மேல் வைத்தாள்.

"போட்டுப் பாருட்டி."

கெத்சி ரவிக்கையைப் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"சரி, அப்புறமாப் போட்டுப் பாரு. அக்குள்ல பிடிச்சாச் சொல்லு, பிரிச்சு விடுவோம்."

கெத்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கீழே வந்த எப்சிபா பாத்திரத்தை எடுத்து வைத்த சத்தம் தெருவுக்கே கேட்டது. "நான் யாருக்காவ இதெல்லாம் செய்யுதேன்," என்று அடுப்பிடம் சொன்னாள். "ஒரு நன்றி உண்டா. ஒரு சிரிப்பு உண்டா. செடிகூடப் பரவாயில்ல."

*

வெள்ளிக்கிழமை விடிந்தது. மறுநாள் நாகர்கோவில்காரர்கள் வருகிறார்கள். எப்சிபா ஜெபக்குடிலுக்குப் போகப்போவதில்லை. சகோதரிமேல் கோபம் இருந்தது, வேலையும் இருந்தது.

ஆனால் எழுந்ததும் ஜன்னலுக்குத்தான் போனாள்.

பாலை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கண்ணாடியை மாட்டினாள். விரலை வைத்து அழுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள், விரலுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று.

"தினமும் அதைத் தொட்டுத் தொட்டுப் பாக்கியளே அம்மா."

திடுக்கிட்டுத் திரும்பினாள். கெத்சி தண்ணீர்ப் பானை பக்கத்தில் நின்றாள். கையில் தம்ளர். முழங்கை தாண்டி, மணிக்கட்டு வரை மூடின சட்டை. அவளாக வந்து பேசி எவ்வளவு நாளாயிற்று.

எப்சிபாவுக்கு அந்தச் சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை.

"ஆமாட்டி. பின்ன, பாக்க வேண்டாமா? எங்க வெட்டுப்பட்டிருக்கு, எவ்வளவு ஆழம், உள்ள காஞ்சிருக்கா இல்லையான்னு பாக்காம எப்படி மண்ணுல வைக்கது? மேல பாத்தா நல்லாத்தான் இருக்கும். நம்பக் கூடாது. போன தடவை அப்படித்தான், அவசரத்துல ஒண்ணையும் பாக்காம நட்டு அழுக வச்சிட்டேன்."

கெத்சி தண்ணீரைக் குடித்தாள். தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"குடுத்து வச்ச செடி," என்றாள்.

மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.

எப்சிபா அப்படியே நின்றாள்.

பால் கொதித்து வழிந்தது. அடுப்பு அணைந்தது. அவள் பார்க்கவில்லை.

விரல் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் பிசுபிசுப்பு. இந்த விரலால்தான் வாசப்படியில் மகளின் வாயைப் பொத்தினாள்.

புதுப் பெயிண்டு. புது மெத்தை. தங்கக் கோடு போட்ட பீங்கான் தொட்டி.

முழுக்கைச் சட்டை.

"கர்த்தாவே," என்றாள். அதற்குமேல் ஜெபம் வரவில்லை.

குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு மறுபடியும் கழுவினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே மாடிப்படி ஏறினாள். முழங்கால் வலிக்காரி, படிக்குப் படி நின்று ஏறுகிறவள். அன்றைக்கு நிற்காமல் ஏறினாள்.

*

கெத்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். புது ரவிக்கை மடிப்புக் கலையாமல் பக்கத்தில் கிடந்தது.

எப்சிபா அதை எடுத்துத் தள்ளிவைத்தாள். அந்த இடத்தில் தான் உட்கார்ந்தாள்.

என்ன பேசுவது என்று தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் பேசியே பழகின வாய்.

"கெத்சி."

கெத்சி போர்வையின் நுனியை விரலில் சுற்றினாள்.

"அன்னைக்கு வாசல்ல நீ ஒண்ணு சொல்ல வந்தட்டி."

கெத்சி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்ல விடல."

கெத்சியின் தோள் அசைந்தது.

"அதெல்லாம் இப்ப எதுக்கு அம்மா," என்றாள். "போனது போட்டும். மறந்துருன்னு நீங்கதான சொன்னிய."

குரலில் கோபம் இருந்தது. எப்சிபாவுக்கு அந்தக் கோபம் நன்றாகத் தெரியும். அவளுடையதேதான்.

"சொன்னேன்," என்றாள். "தப்பாச் சொல்லிட்டேன்."

கீழே டெலிபோன் அடித்தது. சாமிதாஸ் எடுத்துப் பேசுவது கேட்டது. பிறகு மாடிப்படி அடியில் வந்து நின்று கூப்பிட்டார்.

"எப்சி. நாகர்கோவில்ல இருந்து. நாளைக்குக் காலையில வரட்டா, சாயங்காலம் வரட்டான்னு கேக்காவ."

எப்சிபா மகளின் மணிக்கட்டைப் பார்த்தாள். சட்டைக் கையின் பொத்தான் இறுக்கிப் போட்டிருந்தது. அவள் விரல் அதன் அருகே போயிற்று. தொடவில்லை. அதன் பக்கத்திலேயே கட்டில்மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

"வர வேண்டாம்னு சொல்லுங்க," என்று சத்தமாகச் சொன்னாள்.

"என்னது?"

"நாளைக்கும் வேண்டாம், அடுத்த வாரமும் வேண்டாம்னு சொல்லுங்க."

"என்ன விளையாடுதியா? ஏன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"ஏன்னு எனக்கே இனிமேத்தான் தெரியும்னு சொல்லுங்க."

கீழே அவர் செருப்பை இழுத்துக்கொண்டு போனது கேட்டது.

கெத்சி இப்போதுதான் திரும்பினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நிஜந்தானா என்று பார்க்கிறவளைப் போல ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அம்மா."

"சொல்லுட்டி."

"கதவைச் சாத்திட்டு வாங்க."